வெள்ளைக் கட்டத்தில் நின்றவள்

சீனச் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் துங்ஷிக் கடற்கரையில் யாரும் புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். கல்யாணம் பேசமாட்டார்கள். வீடு மாற்றமாட்டார்கள். எந்தப் பத்திரத்திலும் பேனா வைக்கமாட்டார்கள். செத்தவர்கள் வெளியே உலவும் மாதம் அது. ஆவி என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. "நல்ல அண்ணன் தம்பிங்க" என்றுதான் சொல்ல வேண்டும். கடை வாசலிலும் தோணித்துறையிலும் மேசை போட்டு அவர்களுக்குச் சோறும் பழமும் பிஸ்கட்டும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, காகிதப் பணம் எரிப்பார்கள். மாதம் முடிந்து அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் உயிரோடு இருப்பவர்களின் காரியம் தொடங்கும்.

சாய் குன்ஷானும் அப்படித்தான் கையெழுத்தைத் தள்ளிப் போட்டிருந்தான்.

அவன் மனைவி யுவேசியாவை மார்ச் எட்டாம் தேதி காலையில் ஒரு ஐஸ் லாரி இடித்தது. அன்றைக்கு நல்ல மூடுபனி. மீன் குட்டைகளுக்கு நடுவே நாலு சாலை கூடும் இடம். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகிற ஊர் என்பதால், ஸ்கூட்டரில் வருகிறவர்கள் அங்கே இடப்பக்கம் ஒரே மூச்சில் திரும்பக் கூடாது. நேரே தாண்டிப் போய், எதிர் மூலையில் தரையில் வரைந்திருக்கும் வெள்ளைக் கட்டத்தில் நின்று, அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் நிற்பதில்லை. குன்ஷான் ஒருநாளும் நின்றதில்லை. யுவேசியா நிற்பாள். அன்றும் நின்றாள். கால் வைக்கும் பலகையில் உடைத்த சிப்பி இரண்டு வாளி இருந்தது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

வலது மணிக்கட்டு நொறுங்கியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வாளிகள் உருண்டு, சிப்பிச் சதை தார்ச்சாலையில் இருபதடி தூரத்துக்குப் பரவிக் கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீஸ் தாளில் ஒரே வரிதான்: லாரி ஓட்டியவர் முன்னால் கவனிக்கவில்லை, ஸ்கூட்டர் ஓட்டியவர் மேல் பிழை இல்லை.

லாரி ஓட்டியவர் வூ தெங்ஃபு. ஐஸ் கிடங்கு வைத்திருக்கிறவர். குன்ஷான் வீட்டுச் சிப்பியை இருபத்திரண்டு வருஷமாக வாங்குகிறவரும் அவர்தான். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். தன் லாரியிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போக இருந்தவரைப் பக்கத்தில் நின்றவர்கள்தான் தடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் குன்ஷானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போன் கீழ விழுந்துச்சு தம்பி. எடுக்கக் குனிஞ்சேன். அவ்வளவுதான். கேஸ் கீஸ்னு போகாத. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

குன்ஷான் போகவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு கட்டாயக் காப்பீட்டில் வந்துவிட்டது. யார் பிழை என்று கேட்காமல் தருகிற பணம் அது. மீதிதான் பெரிது. வேலை போன மாதங்கள், கூட இருந்து பார்த்த கூலி, மணிக்கட்டில் வைத்த தகட்டை எடுக்க இன்னொரு அறுவை. அந்தக் கை இனிமேல் கத்தி பிடிக்குமா என்பதும் இருந்தது. அதெல்லாம் தெங்ஃபு தன் லாரிக்குத் தனியாகப் போட்டிருந்த காப்பீட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதம் ஊராட்சி அலுவலகத்துச் சமரசக் குழுவில் மனு கொடுத்தார்கள். ஜூன் மாத அமர்வுக்குக் காப்பீட்டு ஆள் வரவில்லை. ஜூலையில் வந்தான், கேட்டதில் கால்வாசி சொன்னான். பிறகு ஏழாம் மாதம் வந்தது.

"இந்த மாசத்துல யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா தம்பி?" என்றார் தெங்ஃபு. "எட்டாம் மாசம் ஒண்ணாந்தேதி வச்சுக்குவோம். நல்ல நாளு."

"சரிண்ணே" என்றான் குன்ஷான்.

அது ஆகஸ்ட் மாதம் நடந்தது.

*

செப்டம்பர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. கடல் வற்றி ஏறுகிற நேரத்துக்கு முன்பே தோணியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தான். புயல் ஒன்று பக்கத்தில் போயிருந்தது. காற்று இல்லை, புழுக்கம் மட்டும் மிச்சமிருந்தது. தகரக் கொட்டகையில் ஆறு பெண்கள் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தி முனையை மூட்டில் குத்தி ஒரு திருகு, உள்ளே ஒரு வழித்தல், சதை கிண்ணத்தில், ஓடு முதுகுக்குப் பின்னால். யாரும் கையைப் பார்ப்பதில்லை. வாய் அதுபாட்டுக்கு வேறு வேலை பார்க்கும்.

கம்பத்தை ஒட்டி ஏழாவது முக்காலி காலியாக இருந்தது. அது யுவேசியாவின் இடம். ஆறு மாதமாக யாரும் அதில் உட்காரவில்லை, யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. கொட்டகையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டு கிண்ணம் நிரப்பும் நேரத்தில் மூன்று நிரப்புவாள். இப்போது செவ்வாய்தோறும் பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய், ரப்பர் பந்தை அமுக்கிப் பழகுகிறாள்.

"என்னண்ணே, நனைஞ்ச கோழி மாதிரி நிக்கற? மூட்டையைக் கொட்டு" என்றாள் அவன் தங்கை சியூயென்.

கொட்டினான். நீல மூட்டையிலிருந்து சேறும் சிப்பியும் சரிந்தன.

"அண்ணி கை எப்படி இருக்கு?"

"பந்தை அமுக்கறா."

"பந்தை அமுக்கி என்ன பண்றது, கத்தியைத்தானே அமுக்கணும். தெங்ஃபு அண்ணன் என்ன சொல்றாரு?"

"வெள்ளிக்கிழமை உக்காரலாம்னு."

"உக்காருங்க, உக்காருங்க. குட்டைக்கார ஆச்சுன் வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்துறாதீங்க."

"அவங்க வீட்டுல என்ன?" என்றாள் எதிரே இருந்த ஒருத்தி.

"உனக்குத் தெரியாதா? அவ மகளைக் காருக்காரப் பையன் இடிச்சுட்டானா, அவன் அம்மா வாரம் தவறாம கோழி சூப்பு வச்சுக் கொண்டாந்தா. கறுப்புக்கோழி! இஞ்சி, எள்ளெண்ணெய் எல்லாம் போட்டு. இவளும் சப்புக்கொட்டிக் குடிச்சா. ஆறு மாசம் முடிஞ்சதும் சூப்பு நின்னு போச்சு. என்னடான்னு புகார் கொடுக்கப் போனா, ஆறு மாசம் தாண்டிருச்சு, எடுக்க முடியாதுன்னுட்டானுவ."

"ஆறு மாசமா? அப்படி ஒரு கணக்கு இருக்கா?"

"காயம் பட்ட கேஸுக்கு இருக்காம். நாள் போச்சுன்னா அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தக் காப்பீட்டுக்காரன் போன்கூட எடுக்கலையாம். கணக்குப் பார்த்தா உலகத்துலேயே விலை கூடின சூப்பு அதுதான்."

பெண்கள் சிரித்தார்கள். குன்ஷான் வெறும் மூட்டையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். மார்ச் எட்டு. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எட்டு. விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். இன்னொரு கையால் எண்ணினாலும் அதேதான் வந்தது. கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, கால்ல தண்ணிக் குழாயை மிதிச்சுக்கிட்டு நிக்கற" என்றாள் சியூயென்.

*

ஐஸ் கிடங்கில் தெங்ஃபு மேசை போட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசிப் படையல். அன்னாசி, முறுக்கிய பிஸ்கட், பாட்டில் டீ, ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுபத்தி குத்தியிருந்தது.

"வா தம்பி, வா. டீ குடி. இன்னிக்கு எத்தனை கூடை?"

"பதினாலு."

"நல்லது. சதை தடிச்சிருக்கா?"

"இருக்கு." குன்ஷான் உட்காரவில்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமை காரியம் என்ன ஆச்சு? காப்பீட்டு ஆளு வர்றானா?"

தெங்ஃபு ஊதுபத்தியை நிமிர்த்தி வைத்தார். "நேத்து வந்தான். ஜூலைல சொன்னதுதான் அவங்க கம்பெனி கடைசியாச் சொல்ற தொகையாம். அதுக்கு மேல ஏறாதாம்."

"அண்ணே, அந்தக் காசு அவளோட அடுத்த ஆபரேஷனுக்கும் ரெண்டு மாசத்துக்கும்தான் காணும்."

"எனக்குத் தெரியாதா தம்பி? நானும் சொல்லித்தான் பார்த்தேன். இது என் கையில இல்ல பாரு. இஷ்டம்னா போடச் சொல்லு, இல்லன்னா விடு, இனிமே ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லிட்டுப் போறான்."

"இனிமே அவசரமில்லன்னா?"

பெட்டியிலிருந்து ஐஸ் ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. தெங்ஃபு அதைக் காலால் ஒதுக்கினார்.

"அவன் அப்படித்தான் சொன்னான். நான் என்னத்தைக் கண்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் குன்ஷான் அந்த மனிதரோடு ஒரே ஒரு தடவைதான் சண்டை போட்டிருக்கிறான், தராசு பற்றி. அன்றும் தெங்ஃபு இப்படித்தான் தரையைப் பார்த்தார். டீயைத் தொடாமல் வண்டியை எடுத்தான்.

*

யுவேசியா வாசலில் உட்கார்ந்து வெறும் ஓடுகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பருவத்துக்குக் கடலில் தொங்கவிட. ஒரு கையால் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். துளையிட்ட ஓட்டை இடது கையால் எடுத்து, முழங்காலுக்கு நடுவில் பிடித்திருக்கும் கயிற்றில் செருகி, பல்லால் முடிச்சை இறுக்குவாள். முதல் மாதம் நாளைக்கு ஒரு சரம். இப்போது பதினைந்து.

மதியச் சோறு மேசையில் இருந்தது. சர்க்கரைவள்ளிக் கஞ்சி, ஊறுகாய் முள்ளங்கி, சோயாவில் வதக்கிய சிப்பி. குன்ஷான் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"யோவ், என்னத்தத் தொலைச்சே அதுல?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் ரெண்டு கிண்ணம் குடிப்பான். தோணி அடிபட்டுச்சா?"

"இல்ல."

"சியூயென் ஏதாச்சும் வாயாடினாளா?"

சொன்னான். ஆறு மாதக் கணக்கு, சூப்பு, ஐஸ் கிடங்கு எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "நான்தான் சரிண்ணே, சரிண்ணேன்னு தலையாட்டினேன்" என்றான். "அவர் மூஞ்சிக்காகத் தலையாட்டி உன் கையை வித்துட்டேன்."

யுவேசியா முடிச்சைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"என் கையை விக்க நீ யாரு? அது இங்கதான் இருக்கு." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டின் உட்புறம் தழும்பு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. "கோழை மாதிரி உக்காந்திருக்காத. நாளைக்கு புதன்கிழமை. ஊராட்சி ஆபீசுக்கு இலவச வக்கீல் வர்ற நாளு. போய்க் கேப்போம்."

"நான் போய்ட்டு வர்றேன். உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போக யாரும் இல்ல நாளைக்கு."

"உன் வண்டில வர்றேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மார்ச்சுக்குப் பிறகு அவள் இருசக்கர வண்டிப் பக்கமே போனதில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே தோளைக் குறுக்கிக்கொள்வாள்.

"என்ன பார்க்கற? பொட்டியில வச்சா என்னைத் தூக்கிட்டுப் போவே? கஞ்சியைக் குடி."

*

புதன்கிழமை காலை அவள் புது ஹெல்மெட் போட்டுக்கொண்டாள். வாங்கி நாலு மாதம் ஆகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. ஏறுவதற்கு இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை அவன் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துக் கொடுத்தான். இடது கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அந்த நாலு சாலை வருவதற்கு முன்பே பிடி இறுகிவிட்டது.

குன்ஷான் நேரே போனான். வெள்ளைக் கட்டத்தில் போய் நிறுத்தினான். சிவப்பு விளக்கில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நின்னுட்டான்" என்றாள்.

அலுவலகத்தின் முதல் மாடியில் ஒரு மேசையும் மின்விசிறியும் பிளாஸ்டிக் பூவும் வக்கீலுக்கு. சின்னப் பெண். தலைமுடியைப் பென்சிலால் குத்தி வைத்திருந்தாள். ஆளுக்கு இருபது நிமிஷம். அவர்களுக்கு முன்னால் ஒரு கிழவர் பக்கத்து வீட்டு மாமரத்தைப் பற்றிப் பேசி முப்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

வக்கீல் தாள்களைப் பார்த்தாள். தேதியில் விரலை வைத்தாள்.

"புகார் கொடுத்தீங்களா மாமா? போலீஸ் வந்து எழுதினது வேற. 'இவர் மேல வழக்குப் போடணும்'னு தனியாப் புகார்?"

"இல்லம்மா."

"ஆறு மாசம் எட்டாந்தேதியோட முடிஞ்சிருக்கு."

"அதான்மா கேக்க வந்தோம். எல்லாம் போச்சா?"

"எல்லாம் போகல. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ரெண்டு வருஷம் இருக்கு. ஆனா கோர்ட்டுக் கட்டணம் கட்டணும், மருத்துவச் சாட்சியை நீங்களே சேர்க்கணும், நாளாகும். புகார் இருந்தா அரசு வக்கீல் விசாரிப்பாரு. அந்த வழக்கோட சேர்த்து நஷ்டஈடு கேட்டா கட்டணமும் கிடையாது. எதிர்ப்பக்கமும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பாங்க. அதனாலதான் ஜனங்க ஆறு மாசத்தை விடறதில்ல."

"நாங்க ஏழாம் மாசம்னு விட்டுட்டோம்மா" என்றான் குன்ஷான்.

"எங்க அம்மாவும் விட்டிருப்பாங்க" என்றாள் வக்கீல். பென்சிலை உருவித் தாளில் ஏதோ எழுதியவள் நிறுத்தினாள். "இருங்க. சமரசக் குழுவுக்கு மே மாசமே மனுப் போயிருக்குன்னு சொன்னீங்கல்ல? மனு கொடுத்தது யாரு?"

"நாங்க எல்லாரும் சேந்துதான் வந்தோம்."

"சேந்து வந்தது சரி மாமா. மனுதாரர்னு யார் பேரு இருக்கு? அடிபட்டவங்களே கொடுத்த மனுன்னா, சமரசம் முறிஞ்சு போனாலும், வழக்கை அரசு வக்கீலுக்கு அனுப்புங்கன்னு நீங்க கேக்கலாம். கேட்டா, மனு கொடுத்த அன்னிக்கே புகார் கொடுத்ததாச் சட்டம் எடுத்துக்கும். மே மாசம்னா நீங்க ஆறு மாசத்துக்குள்ளதான் இருக்கீங்க. ஆனா மனு லாரிக்காரர் பேர்ல இருந்தா செல்லாது."



மே மாதம் அந்த அலுவலகத்தில் நடந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெங்ஃபுதான் லாரியில் கூட்டிக்கொண்டு வந்தார். யுவேசியா ஊன்றுகோலில், வலது கை கழுத்தில் தொங்கும் கட்டில். லாரி வாசலை அடைத்து நிற்கிறது என்று யாரோ கத்தவும், சாவியை வாங்கிக்கொண்டு குன்ஷான் கீழே போனான். திரும்பி வரும்போது தெங்ஃபு பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "எல்லாம் எழுதியாச்சு தம்பி. கைவலிக்காரியைக் கஷ்டப்படுத்துவானேன்."

"அவர்தான் எழுதினாரு" என்றான். குரல் தட்டையாக வந்தது. "பேனா அவர் கையில இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"நானும் எழுதினேன்" என்றாள் யுவேசியா.

"நீ எதுல எழுதின?"

"அது தெரியல. ரெண்டு தாளு இருந்துச்சு. ஒண்ணுல அவரு எழுதினாரு, ஒண்ணுல நான் எழுதினேன். மாத்திரை போட்டுத் தலை சுத்திக்கிட்டு இருந்துச்சு. எழுத்து தண்ணிக்கு அடியில கெடக்கற மாதிரி தெரிஞ்சுது."

"வலது கை கட்டுல இருந்துச்சே. எப்படி எழுதின?"

"இன்னொரு கை இருந்துச்சுல்ல."

வக்கீல் எழுந்து, எதிர் அறைக் கதவருகே போய், "லியாவ் அக்கா, ஒரு கோப்பு வேணும்" என்று கூப்பிட்டாள்.

சமரசக் குழுவின் எழுத்தர் லியாவ் காலை உணவு ரொட்டியை மென்றுகொண்டே வந்தாள். பெயரைக் கேட்டதும் நின்றாள். "ஓ, அந்தம்மாவா!" என்று சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். எதற்கு ஓ என்று குன்ஷானுக்குப் புரியவில்லை. இரும்பு அலமாரி இழுப்பறை ஒன்று திறந்து மூடியது. இன்னொன்று திறந்தது. கிழவர் மாமரத்தைப் பற்றி விட்டுப்போன ஏதோ ஒன்றைச் சொல்லத் திரும்பி வந்து, மூவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்.  

லியாவ் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

முதல் தாள் சுத்தமான எழுத்தில் இருந்தது. தெங்ஃபுவின் எழுத்து. சிப்பிக் கணக்குச் சீட்டில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த எழுத்து. குன்ஷான் கண்ணை மூடினான்.

"இது எதிர்த்தரப்பு முகவரித் தாள்" என்று லியாவ் அதைப் புரட்டினாள். "மனு இது."

இரண்டாவது தாளில், மனுதாரர் என்று அச்சடித்த கட்டத்துக்குள் அடங்காமல், மூன்று சீன எழுத்துகள் நண்டு நடந்த தடம்போலக் கிடந்தன. ஹுவாங் யுவே சியா, பிறந்த வீட்டுப் பெயரோடு. கடைசி எழுத்துக்கு மட்டும் பதினேழு கோடு. ஒவ்வொரு கோடும் தனியாக இழுக்கப்பட்டிருந்தது. ஒன்று கட்டத்தைத் தாண்டிக் கீழ்வரியில் போய் முடிந்தது. பக்கத்தில் அலுவலக முத்திரை, மே பதினைந்து.

"இதை எப்படி மறப்பேன்?" என்றாள் லியாவ். "வரிசைல பின்னாடி ஒம்பது பேரு நிக்கறாங்க. அந்த ஐயா, 'நான் எழுதித் தர்றேன், இல்லன்னா கீழ கடையில பத்து நிமிஷத்துல பேர் முத்திரை செதுக்கித் தருவான், அதைக் குத்திக்கலாம்'கறாரு. இந்தம்மா கேக்கல. பேனாவை இப்படிக் கத்தி பிடிக்கற மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு எழுத்துக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு போச்சு."

வக்கீல் தாளை இரண்டு தடவை படித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, அது போதாது என்று தோன்றியதுபோல, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள்.

"அப்படின்னா?" என்றான் குன்ஷான்.

"அப்படின்னா நாள் தவறல. வெள்ளிக்கிழமை அவங்க சரியான தொகைக்கு ஒத்துக்கிட்டா அங்கேயே முடிச்சுக்குங்க. இல்லன்னா, அரசு வக்கீலுக்கு அனுப்புங்கன்னு அங்கேயே ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க."

குன்ஷான் தலையாட்டினான்.  மாமரத்துக் கிழவர் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

படியில் இறங்கும்போது கேட்டான். "அவரு எழுதித் தர்றேன்னப்ப ஏன் விடல?"

யுவேசியா படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள். "அடிபட்டவங்க பேருன்னு அந்த லியாவ் பொண்ணு அன்னிக்குச் சொல்லுச்சு. அடிபட்டது நானு. என் பேரை அவரு எதுக்கு எழுதணும்?" இரண்டு படி தள்ளி, "அவர் எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு. அதுவும் எரிச்சலா இருந்துச்சு" என்றாள்.

குன்ஷான் சிரித்தான். சத்தமாக வந்தது. கீழே டோக்கன் கொடுக்கிறவன் நிமிர்ந்து பார்த்தான்.

*

எட்டாம் மாதம் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. தெருவில் படையல் மேசைகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டார்கள். சமரச அறையில் குழுக்காரர் இருவர், ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இன்னொருவர் உரக்கடைக்காரர். காப்பீட்டு ஆள் வெள்ளைச் சட்டையில், கோப்பைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். தெங்ஃபு நாற்காலி நுனியில்.

காப்பீட்டு ஆள் ஜூலைத் தொகையையே சொன்னான். "இனிமே வேற வழியும் உங்களுக்கு இல்லையே மாமா" என்றான், மரியாதையாக.

குன்ஷான் வக்கீல் எழுதிக் கொடுத்த ஒரு வரியை மேசையில் வைத்தான். பக்கத்தில் லியாவ் மே மாத மனுவை வைத்தாள். காப்பீட்டு ஆள் பெயரைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், மறுபடி பெயரைப் பார்த்தான். எழுந்து போனோடு நடைபாதைக்குப் போனான். முக்கால் மணி நேரம் வரவில்லை. வாத்தியார் டீ ஊற்றினார். உரக்கடைக்காரர் சிப்பி விலை விசாரித்தார்.

அந்த நேரத்தில்தான் தெங்ஃபு பேசினார்.

"காப்பீட்டு ஆளு ஜூலைலயே சொன்னான். செப்டம்பர் வரைக்கும் இழுத்தாப் போதும்னான். நான் இழுக்கச் சொல்லல. ஆனா வாயைத் திறக்கல. ஏழாம் மாசம்னு வேற சொல்லிட்டேன்." மேசையைப் பார்த்தே சொன்னார். "அவன் சொன்ன மாதிரி நடந்துருச்சுன்னா எனக்குக் கோர்ட்டு இல்ல, ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

குன்ஷானின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. யுவேசியா முந்திக்கொண்டாள்.

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"வாராவாரம் கொய்யாவும் பேரிக்காயும் கொண்டாந்து வைப்பீங்க. ஜூலைல நிறுத்திட்டீங்க. பழம் விலை ஒண்ணும் ஏறலையே."

உரக்கடைக்காரர் டீயைக் கொட்டிக்கொண்டார். தெங்ஃபுவின் முகம் சிவந்து, அழப்போவதுபோல ஆகி, கடைசியில் சிரிப்பாக முடிந்தது. அது நல்ல சிரிப்பில்லை. ஆனால் தரையைப் பார்க்கவில்லை.

காப்பீட்டு ஆள் திரும்பி வந்தபோது சட்டைக் கழுத்துப் பொத்தானைத் திறந்திருந்தான். கேட்டது முழுவதும் இல்லை. ஆனால் அடுத்த அறுவையும், போன மாதங்களும், இனி வரும் ஒன்றரை வருஷமும் அதில் அடங்கின. காப்பீடு எட்டாத மிச்சத்தைத் தான் தருவதாகத் தெங்ஃபு சொன்னார். வாத்தியார் அதையும் எழுதச் சொன்னார். "வாயில சொன்னதெல்லாம் எழுத்துல வரட்டும்" என்றார்.

லியாவ் தாளைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள். "இப்பத்தான் வலது கை வந்துருச்சே அக்கா. இன்னிக்காச்சும் எனக்குச் சாப்பாடு கிடைக்குமா?"

யுவேசியா பேனாவை வலது கையில் வாங்கினாள். விரல்கள் அதைச் சுற்றிப் பாதி மடங்கின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கைக்கு மாற்றினாள்.

"இந்த ஆபீசுக்கு இந்தக் கையைத்தான் தெரியும்" என்றாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்தின் பதினேழு கோட்டையும் குன்ஷான் மனதுக்குள் எண்ணினான்.

வாசலில் தெங்ஃபுவின் மனைவி அடுக்குப் பாத்திரத்தோடு நின்றாள். பன்றிக்கால் குழம்பும் மெல்லிய சேமியாவும். அடிபட்டு எழுந்தவர்களுக்கு அபசகுனம் போக இடித்த வீட்டார் கொடுக்க வேண்டியது. ஆறு மாதம் தாமதம். "சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். யுவேசியா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "சோயா கூடிருச்சு" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வண்டியில் அவள் பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும். சட்டையைப் பிடிக்கவில்லை. நாலு சாலையில் குன்ஷான் நேரே தாண்டி, வெள்ளைக் கட்டத்தில் நிறுத்தினான். இரண்டு பக்கமும் குட்டைகளில் மீனுக்குக் காற்றூட்டும் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. சாலையோரம் தாருக்குள் பதிந்து சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்று மின்னியது. அன்றைக்கு விழுந்ததோ, வேறு யாருடையதோ.

பச்சை விழுந்தது. அவன் அந்த ஓட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து அவன் ஹெல்மெட்டில் ஒரு குட்டு விழுந்தது. வலது கை. அவ்வளவு பலமில்லை.

"கிளம்புய்யா. சேமியா ஊறிப் போகுது."